தாத்தாவின் பெட்டி
(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



அடி அண்ணாமலைப் பக்கத்தில் ஒரு வீட்டிற்கு மந்திரிக்கச் சென்றிருந்தேன். பரண்மேல் பழைய மரப்பெட்டி ஒன்று இருந்தது. ஏழாவது படிக்கும் பேரன், "அதுல என்ன தாத்தா?" என்று கேட்டான். பெரியவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, போய்ப் படி" என்றார்.

அந்தப் பார்வைக்குக் காரணம் எனக்குத் தெரியும். பெரியவரும் அவர் தகப்பனாரும் தெருக்கூத்துக் கட்டியவர்கள். பல ஆண்டுகளுக்கு முன் இளங்குருவாக இருந்த நான், விடிய விடியக் கூத்துப் பார்ப்பவன் காலைப் பூசைக்கு எப்படி வருவான் என்று பிரசங்கத்தில் கேட்டேன். முன்வரிசையில் அவர் அமர்ந்திருந்தார்.

நம் மாவட்டத்தில் கூத்து எளிய சொத்தல்ல. திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று பல நாள் நடக்கும். படுகளத்தில், தீமிதியில் முடியும். செய்யாறு பக்கம் புரிசை கிராமத்தில் கண்ணப்பத் தம்பிரான் குடும்பம் தலைமுறைகளாக இதை ஆடி வருகிறது. சென்னையில் ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, அந்தத் தம்பிரானிடம்தான் பாடம் கேட்டது. பட்டணம் தேடி வந்து கற்றதை நம் வீட்டுப் பிள்ளை கேட்டால், போய்ப் படி என்கிறோம்!

இது வேறு சமயத்தார் கதையாயிற்றே என்பீர்கள். கதை வேறு, கலை வேறு. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கத்தோலிக்க மீனவ ஊர்கள் புனிதர் வரலாறுகளைக் கூத்தாகவே ஆடி வந்திருக்கின்றன. மரிய சேவியர் அடிகளார் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், ஆண்டவரின் பாடுகளை மேடையேற்றி, போர்க்காலத்திலும் இளையோரைக் கலையில் பழக்கியது.

இணைச்சட்ட நூலின் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். இக்கட்டளைகளுக்கு என்ன பொருள் என்று பிற்காலத்தில் உன் மகன் கேட்பான் என்கிறது. அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் ஒரு கதை: நாங்கள் எகிப்தில் அடிமைகளாய் இருந்தோம் என்று தொடங்குகிறது. பிள்ளை கேட்கிற நேரத்தில் நமக்கு வெட்கம் வந்துவிட்டால், அடுத்த முறை அவன் கேட்கமாட்டான். ஆண்டு விழாவில் ஐந்து நிமிட நாட்டுப்புற நடனம் வைத்து அதை ஈடுகட்ட முடியாது. (நம் பள்ளிகளையும் சேர்த்தே சொல்கிறேன்.)

அன்று நானே, "பெட்டியை இறக்குங்க பெரியவரே" என்றேன். அவர் நம்பவில்லை. "வேணாம் சாமி, தூசி" என்றார். இறக்கினோம். உள்ளே கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம். இலேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு ஒட்டியவை. பாதிக் கண்ணாடி உதிர்ந்திருந்தது. பையன் கிரீடத்தை எடுத்து வைத்துக்கொண்டான், காதுவரை இறங்கியது. கைகளை இடுப்பில் ஊன்றி, சினிமாக்காரன்போல் நின்றான்.

"அப்படியா நிப்பாரு துரியோதனன்? காலை அகட்டுடா" என்றார் பெரியவர். பெஞ்சில் விரலால் தாளம் தட்டத் தொடங்கினார். முழங்கால் வலிக்காரர், எழுந்தே விட்டார். நான் தண்ணீர் மந்திரிக்க வந்தவன் என்பதை மூவருமே மறந்துபோனோம்.

புறப்படும்போது அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். வரும் தவக்காலத்தில் ஆண்டவரின் பாடுகளைக் கூத்தாகக் கட்டி, நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவீர்களா என்றும் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். பேரன் மட்டும் தினமும் மாலையில் அங்கே போய்விடுகிறானாம்.