ஆறு ஷில்லிங்கும் எழுபது பசுக்களும்
(நம் தோட்டக் குழுக் கூட்டத்தில் பேசியது)



நம் காலனிப் பூங்காவுக்கு ஒரு விழா எடுக்கலாம் என்று தோட்டக் குழு சொன்னதும், "பத்து மரமும் நாலு பெஞ்சும் இருக்கிற இடத்துக்கு விழாவா?" என்று சிலர் கேட்டார்கள். பூங்காவில் பாதியைக் கார் நிறுத்த ஒதுக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்திருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் அதை முடிவு செய்யப் போகிறோம். அதற்கு முன் உங்களுக்கு ஒரு பழைய கணக்கைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் நடுவே 'பாஸ்டன் காமன்' என்ற புல்வெளி இருக்கிறது. சுமார் 50 ஏக்கர். பிள்ளைகளைப் பார்க்கப் போன நம்மவர் சிலர் அங்கே நடந்திருப்பீர்கள். 1634-ல் அந்த ஊர்க்காரர்கள் வில்லியம் பிளாக்ஸ்டன் என்பவரிடமிருந்து அதை 30 பவுண்டுக்கு வாங்கினார்கள். வீட்டுக்குக் குறைந்தது ஆறு ஷில்லிங் வசூல். நம் ஊரில் இதைத் தலைக்கட்டு வரி என்போம்.

அது பொது மேய்ச்சல் நிலம். பணம் கொடுத்தாயிற்றே என்று ஆளாளுக்கு மாட்டை ஓட்டி வந்தால் புல் மிஞ்சுமா? 1646-ல் கட்டுப்பாடு போட்டார்கள். 70 கறவைப் பசுக்களுக்கு மேல் கூடாது. ஒரு பசுவுக்குப் பதிலாக நாலு ஆடு விடலாம். 1830-ல் மாடுகளையே நிறுத்திவிட்டார்கள். புல்வெளி இன்றும் இருக்கிறது.

கார் பிரச்சினை அவர்களுக்கும் வந்தது. 1961-ல் பூமிக்கு அடியில் நிறுத்துமிடம் திறந்தார்கள், மேலே புல்தான். நமக்கு அந்த வசதி கிடையாது. நாம் சிமெண்ட் போட்டால் போட்டதுதான்.

1970-ல் அங்கே குடிமக்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். பக்கத்தில் வரவிருந்த உயரமான கட்டடங்களை எதிர்த்து நின்றார்கள். புல்வெளியில் புதுக் கட்டடங்களின் நிழல் விழுவதைக் கட்டுப்படுத்த 1990-ல் மாநிலச் சட்டமே வந்தது. நிழலுக்கே சட்டம் என்றால் தரைக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

கார் நிறுத்த இடம் போதவில்லை என்பது உண்மை. ஆனால் வீட்டுக்குள் இடமிருந்தும் தெருவில் நிறுத்துகிறவர்கள் நம்மில் உண்டு. நானும் அதில் ஒருவன். இந்த வாரம் முதல் என் வண்டி உள்ளே நிற்கும். முதலில் அந்தக் கணக்கை எடுப்போம்.

விழாவுக்காகத் தோட்டக் குழு கேட்பது மூன்றுதான். ஒவ்வொரு மரத்துக்கும் தமிழ்ப் பெயர்ப் பலகை. மரத்துக்கு ஒரு வீடு என்று தண்ணீர் ஊற்றும் பொறுப்பு. பூங்காவில் எது செய்யலாம், எது கூடாது என்று வாசலில் ஓர் அறிவிப்பு. இதற்கு வீட்டுக்கு ஒரு சிறு தொகை. அதிகம் கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கலாம். கொடுத்ததால் யாருக்கும் கூடுதல் உரிமை கிடையாது.

எல்லாருக்கும் சொந்தமான இடம் தானாக நிலைக்காது. எல்லாரும் கொஞ்சம் கொடுத்து, எல்லாரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் நிலைக்கும். பொதுக்குழுவுக்குத் தவறாமல் வாருங்கள். கை தூக்கும் முன் ஒருமுறை பூங்காவைச் சுற்றி நடந்துவிட்டு வாருங்கள்.