வலது கையும் ஒரு காலும்



பிறவி இதயக் குறை பற்றிய தலைமை உரை என்றால் குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டாசிக்கிலிருந்து தொடங்குவது வழக்கம். 1944 நவம்பரில் பால்டிமோரில் நீலக்குழந்தைக்கு நடந்த அறுவையை மருத்துவர்களான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மையாருக்குக் காது சரியாகக் கேட்காது; குழந்தையின் மார்பில் கையை வைத்தே இதயத்தைப் படித்தார். நமக்குக் காதும் கேட்கிறது, ஸ்டெதஸ்கோப்பும் இருக்கிறது. இருந்தும் தவறவிடுகிறோம். நானும் தவறவிட்டிருக்கிறேன்.

முப்பது வருஷத்துக்கு முந்திய குறுவை அறுப்புக் காலம். பிறந்து இரண்டாம் நாள் பார்த்த ஆண் குழந்தை. நல்ல எடை, நல்ல அழுகை, மார்பில் முர்மர் என்னும் இரைச்சல் எதுவும் இல்லை. ‘வீட்டுக்குப் போகலாம்’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். ஐந்தாம் நாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் அப்பாயி மடியில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். “நேத்துலேந்து பால் வேணாங்குதுங்க. பொழுது சாய மூச்சு வாங்குச்சு. மாந்தமோன்னு வசம்பு ஒரசி ஊத்துனேன்.” குழந்தையின் உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது. மதியத்துக்குள் போய்விட்டது. வசம்பு ஊற்றியதுதான் காரணம் என்று அந்த அப்பாயியை ஏச அன்று வார்டில் ஆள் இருந்தார்கள். தப்பு வசம்பில் இல்லை, என் சீட்டில்.

கருவில் இருக்கும்போது நுரையீரலுக்கு வேலை இல்லை. அதனால் நுரையீரலுக்குப் போகும் ரத்தத்தைத் திருப்பி மகாதமனியில் சேர்க்க டக்டஸ் என்ற இணைப்பு வாய்க்கால் இருக்கிறது. பிறந்த இரண்டு மூன்று நாளில் அது தானாக அடைபடும். நல்ல இதயத்துக்கு அதனால் ஒன்றும் இல்லை. ஆனால் நுரையீரலுக்குப் போகும் பெரிய வழியே பிறவியில் அடைத்திருக்கும் குழந்தை அந்த வாய்க்கால் தண்ணீரை நம்பித்தான் உயிரோடிருக்கிறது. நாம் சீட்டெழுதி அனுப்புவதும் அந்த மடை மூடுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்கின்றன.

முர்மர் இல்லையே என்று நம்பியது என் முதல் பிழை. மோசமான குறைகள் சிலவற்றில் அது கேட்கவே கேட்காது. கண்ணை நம்பியது அடுத்த பிழை. ரத்தத்தில் ஆக்சிஜன் 80 சொச்சத்துக்கு இறங்கும் வரை நீலம் கண்ணுக்குத் தட்டுவதில்லை. நம் பிள்ளைகளின் மாநிறத்தில், வார்டின் டியூப்லைட் வெளிச்சத்தில், அதுவும் சந்தேகம்தான்.

அந்த ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரின் தத்துவத்தை ஜப்பானின் தகுவோ அவோயாகி 1974-இல் அறிவித்தார். கொரோனாவுக்குப் பிறகு அதன் விரல் கிளிப்பைத் தெரியாத வீடு இந்தக் காவிரி டெல்டாவில் இல்லை. ஆனால் பச்சிளங்குழந்தைக்கு அந்தக் கிளிப் உதவாது. சுற்றி ஒட்டும் சிறிய சென்சார் வேண்டும். பிறந்து 24 மணி நேரம் கழித்து வலது கையில் ஒரு தடவை, ஏதாவது ஒரு காலில் ஒரு தடவை. இரண்டும் 95 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, வித்தியாசம் 3-க்கு மேல் போகக் கூடாது. 90-க்குக் கீழே என்றால் உடனே எக்கோ ஸ்கேன். நடுவில் நின்றால் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பவும் பார்க்க வேண்டும்.

ஏன் இரண்டு இடம் என்று மாணவர்கள் கேட்பார்கள். கல்லணைக் கால்வாயில் எவ்வளவு விட்டார்கள் என்பது தலைப்பில் தெரியும். எவ்வளவு வந்து சேர்ந்தது என்பது கடைசியில் இருக்கும் பேராவூரணிக்காரரைக் கேட்டால்தான் தெரியும். வலது கை தலைப்பு, கால் கடைமடை.

இந்தச் சோதனையைப் பற்றிய ஸ்வீடன் ஆய்வு 2009-இல் வந்தது, பிரிட்டன் ஆய்வு 2011-இல் வந்தது. அமெரிக்கா அதே 2011-இல் இதைப் பிறந்த குழந்தைகளுக்கான சோதனைப் பட்டியலில் சேர்த்தது. கேரளம் 2017-இல் ‘ஹ்ருத்யம்’ என்ற பிறவி இதயக் குறைத் திட்டத்தைத் தொடங்கியது. நாமும் சும்மா இருக்கவில்லை: 2008-இல் இளம் சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டம், பிறகு காப்பீட்டுத் திட்டம், 2013-இல் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வண்டியில் போய்ப் பார்க்கும் தேசியச் சிறார் நலத் திட்டம். இதயத்தில் ஓட்டையோடு பள்ளிக்கு வந்த பிள்ளைகள் இவற்றால் பிழைத்தார்கள். ஆனால் பள்ளிக்கு வந்தவன் ஏற்கெனவே பிழைத்தவன். நான் சொன்ன குழந்தை ஆறாம் நாளையே பார்க்கவில்லை.

ஆயிரம் குழந்தைகளில் எட்டு ஒன்பதுக்கு இதயக் குறை. அதில் கால் பங்கு கடுமையானது. தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. அதாவது அந்தக் குழந்தைகள் எல்லாம் ஓரிரு நாள் நம் கைக்குள் இருந்துவிட்டுத்தான் போகிறார்கள்.

ஆக்சிமீட்டர் எல்லாவற்றையும் காட்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மகாதமனி குறுகியிருந்தால் ஏமாற்றிவிடும். தொடை நாடியை விரலால் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். கீழறைச் சுவரில் பெரிய ஓட்டை இருந்தால் முதல் வாரம் சாதுவாக இருக்கும், நாலு முதல் ஆறு வாரத்தில்தான் பேசும். “பால் குடிக்கறப்ப நெத்தி வேர்த்துக் கொட்டுதுங்க, எடையே ஏறல” என்று அம்மாயி சொன்னால் சளி மருந்து எழுதி அனுப்பாதீர்கள். பச்சிளங்குழந்தையைப் பார்க்க வீடு தேடிப் போகும் பணியாளர்களின் கடைசி வருகை 42-ஆம் நாள். அந்த வேர்வையைப் பற்றிக் கேட்க அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

கண்டுபிடித்த பிறகு இருக்கிறது பெரிய வேலை. அடைபடும் மடையைத் திறந்து வைக்க புரோஸ்டாகிளாண்டின் சொட்டு இருக்கிறது. அது சில குழந்தைகளின் மூச்சை நிறுத்தும். ஆகவே தஞ்சையிலிருந்து 340 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு வண்டி போகும்போது பேக் மாஸ்க் அழுத்தத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும். மருந்து எந்த ஊரில் இருப்பில் இருக்கும், யார் உட்காருவார், எந்த நம்பருக்குப் போன் செய்வது: இந்த மூன்றையும் முடிவு செய்யாமல் இந்த மாநாடு கலையக் கூடாது என்பது என் விருப்பம். வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் கைக்கு ஒரு கட்டம், காலுக்கு ஒரு கட்டம் அச்சடிக்க வேண்டும். இரண்டிலும் எண் எழுதாமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

வெளியே மேசையில் பிஞ்சுக் காலுக்கான சென்சாரும் பொம்மையும் வைத்திருக்கிறார்கள். தேநீர் இடைவேளையில் செவிலியர்கள் முதலில் கட்டிப் பாருங்கள். பேராசிரியர்கள் வரிசையில் நிற்கட்டும்.