முன்னே வை என்பதும் பின்னே கொடு என்பதும்

(சொற்பொழிவு)



ஆத்திரேலிய நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதுநிலை வகுப்பில், ஒரே ஆசிரியரிடம் ஒரே பாடத்தைக் கேட்டிருக்கும் மூவரைக் கருதிப் பாருங்கள். முதல்வர் அரசு உதவி இடத்தில் அமர்ந்தவர். அவர் கட்டணத்தின் ஒரு பகுதியை அரசே ஏற்கின்றது. எஞ்சியதையும் கடனாகத் தந்து, வேலைக்குப் போனபின் கொடு என்கின்றது. இரண்டாமவர் முழுக்கட்டண இடத்தவர். ஆயினும் குடியுரிமை பெற்றவராகலின் அவர்க்கும் கடன் உண்டு. மூன்றாமவர்க்கோ உதவியும் இல்லை, கடனும் இல்லை. முழுத்தொகையையும் முன்னே வைத்தால்தான் கதவு திறக்கும். இவர்க்குள் மூன்றாமவரைப் பிரித்து நிறுத்துவது அறிவா? மதிப்பெண்ணா? இரண்டும் இல்லை. அவர் கையிலுள்ள குடியேற்றத் தாள்!

இந்நிலை எவ்வாறு வந்தது? 1974இல் விட்லம் தலைமையமைச்சராயிருந்த காலத்தில் அந்நாட்டுப் பல்கலைக்கழகக் கட்டணம் அறவே நீக்கப்பட்டது. 1989இல் கட்டணம் மீண்டும் வந்தது. எந்தப் பாடமாயினும் ஆண்டுக்கு 1,800 வெள்ளி. ஆனால், அதனைச் செலுத்தும் முறை புதிது. பொருளியல் அறிஞர் புரூசு சேப்மன் வகுத்துத் தந்த அம்முறைப்படி, பிணைக்கு நிலமோ தந்தையின் கையெழுத்தோ கேட்பதில்லை. அன்று ஆண்டு வருவாய் 22,000 வெள்ளியைத் தொடும்வரை ஒரு காசும் கேட்கவில்லை. அதன் பின்னரே வருமான வரியோடு சேர்த்துச் சிறிது சிறிதாகப் பிடிப்பர். வேலை இழந்தால் பிடிப்பும் நின்றுவிடும். வட்டி என்று ஒன்றில்லை. விலையேற்ற அளவிற்குக் கடன்தொகை கூடும், அவ்வளவே. ஏழைவீட்டுப் பிள்ளையைக் கடன்காரன் வாயிலில் நிற்க வைக்காத முறை இது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2025-26ஆம் ஆண்டில் அவ்வரம்பு 67,000 வெள்ளி. 70,000 வெள்ளி ஈட்டுவோரிடம் பிடிக்கப்படுவது 450 வெள்ளியே.

ஆயினும் நல்ல முறையையும் ஆட்சியாளர் கை திருகிவிடும். 1998இலிருந்து, அரசு உதவி இடம் கிடைக்காத உள்நாட்டார் முழுக்கட்டணம் செலுத்தி இளநிலை வகுப்பில் சேரலாம் என்றாக்கினர். குறைந்த மதிப்பெண்ணுடன் பணத்தால் நுழையும் பின்வாயில் அது. பத்தாண்டுகள் கழித்தே, 2009இலிருந்து, அரசுப் பல்கலைக்கழகங்களில் அவ்வாயிலை அடைத்தனர்.

2021இல் நடந்தது அதனினும் வியப்பானது. புதிதாகச் சேர்வோர்க்கு வரலாறு, குமுகவியல் போன்ற பாடங்களின் கட்டணம் 6,804 வெள்ளியிலிருந்து 14,500 வெள்ளியாக உயர்ந்தது. அரசு தன் பங்காகத் தந்ததோ 1,100 வெள்ளி! பெயர் மட்டும் அரசு உதவி இடம். செவிலியம், ஆசிரியப் பயிற்சி, கணக்கு, மொழிகள் ஆகியவற்றிற்கு 3,950 வெள்ளி. மொழிப்பாடத்தின் கட்டணம் குறைந்தது கண்டு நாம் மகிழலாம். ஆனால், ஒரு மக்களின் மொழியைக் கற்க 3,950, அம்மக்களின் வரலாற்றைக் கற்க 14,500 என்பது எந்தக் கணக்கு? வேலைக்கு உதவும் கல்வி என்று சொல்லி வரலாற்றை ஒதுக்கும் நாடு எதை மறக்க விரும்புகிறதோ, யார் அறிவார்!

கடனும் வளர்ந்தது. 2023இல் விலையேற்றத்தின் பெயரால் 7.1 விழுக்காடு கூட்டினர். குமுறல் எழவே, 2024இல் சட்டம் திருத்தி அதனை 3.2 விழுக்காடாக்கினர். 2025இல் ஏறத்தாழ 30 இலக்கம் பேரின் கடனில் 20 விழுக்காட்டைத் தள்ளுபடி செய்தனர். ஏறத்தாழ 1,600 கோடி வெள்ளி.

அத் தள்ளுபடியில் ஒரு காசும் பெறாதவர் அம் மூன்றாமவர். ஏனெனில் அவர்க்குக் கடனே தரப்படவில்லை. கொழுத்த பணத்தோடு கற்க வரும் வெளிநாட்டார் மட்டுமே அவ்வரிசையில் நிற்கின்றனர் என்று எண்ணிவிடாதீர்கள். சிங்களப் படையின் கொடுமைக்கு அஞ்சிப் படகேறிச் சென்ற ஈழத் தமிழரின் பிள்ளைகளும் அங்கே நிற்கின்றனர். 2012 ஆகத்து 13க்குப் பின் படகில் வந்து சேர்ந்தோர்க்குக் காலவரம்பிட்ட தங்கல் இசைவே கிடைத்தது. அவ்விசைவுடையோர் அரசு உதவி இடத்திற்கும் உரியரல்லர், கடனுக்கும் உரியரல்லர். அயல்நாட்டார்க்குரிய முழுக்கட்டணமே அவர்க்கும். 2023 பிப்பிரவரியில், அடைக்கலம் ஏற்கப்பட்டுக் காலவரம்பில் இருந்தோர்க்கு நிலையான குடியிருப்பிற்கு வழி திறந்தது. அடைக்கலம் மறுக்கப்பட்டு இடைக்கால இசைவில் இருந்தோர்க்கு அவ்வழி இல்லை. சில பல்கலைக்கழகங்கள் தாமே உதவித்தொகை தருகின்றன. அவ்விடங்கள் மிகச் சில.

சிறு பிள்ளையாய்ப் படகில் சென்றவர் இன்று பள்ளியிறுதியை நெருங்குகின்றார். அந்நாட்டுப் பள்ளியிலேயே படித்தவர். அந்நாட்டு ஆங்கிலத்தையே பேசுபவர். அவரினும் குறைந்த மதிப்பெண் பெறும் பக்கத்து இருக்கைத் தோழர் கடன் தாளில் கையெழுத்திட்டு உள்ளே போவார். பல்கலைக்கழகம் இவரிடம் நீட்டும் தாளில் அயல்நாட்டு மாணவர் என்று அச்சிட்டிருக்கும்.