தொழிலாளி வீட்டுக்கு ஏற்ற கார்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சம்பளம், போனஸ், வீடு என்று பேசிப் பழகிய இந்த மேடையில் கார் வாங்குவதைப் பற்றிப் பேச வேண்டும் என்று கிளைக் காரியதரிசி கேட்டபோது நமக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர் ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். சிரிப்பு நின்றுவிட்டது. நம் அங்கத்தினர் ஒருவருக்கு வந்த நோட்டீசு அது. இரண்டு மாதத் தவணை பாக்கி, 21 நாளுக்குள் கட்டாவிட்டால் காரை எடுத்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தது. அந்தத் தோழர் அதை ஒருவரிடமும் காட்டாமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார். பதினேழு நாள் கழித்து அவருடைய மனைவிதான் கண்டெடுத்துக் கொண்டுவந்தார். மிச்சம் இருந்தது நான்கே நாள். அந்தக் கதைக்குப் பிறகு வருவோம்.

ஒரு காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் துரையின் கார். அதற்கு அடுத்தது பெரிய கிராணியாருடையது. மற்றவர்களுக்கெல்லாம் சைக்கிளும் லாரியும்தான். 1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வந்தது. 1994இல் பெரொடுவா கஞ்சில் வந்தது. 660 சி.சி., மூன்று சிலிண்டர். சருகுமானின் பெயரை வைத்த சின்னஞ்சிறு கார். லயத்து வாசலில் தைரியமாக வந்து நின்ற கார் அதுதான் எனலாம். அதற்குப் பிறகு 2005இல் மைவி, 2014இல் அக்சியா என்று வந்து, இன்று கார் நமக்கு எட்டாத பொருளாக இல்லை.

கார் ஆடம்பரம் என்று சிலர் சொல்கிறார்கள். நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். நள்ளிரவில் குழந்தைக்கு மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்கு எதில் போவது? அப்பன், ஆத்தாள், நடுவில் இரண்டு பிள்ளைகள் என்று ஒரே மோட்டார் சைக்கிளில் மழையில் போகிறோமே, அதைவிடவா கார் ஆடம்பரம்? இந்நாட்டில் சாலை விபத்தில் மாண்டு போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ஆகவே வாங்குங்கள். ஆனால் தேவைக்கு வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரனுக்குக் காட்டுவதற்கு வாங்காதீர்கள்.

தேவை எது என்று எப்படித் தெரியும்? ஒரு மாதம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். எங்கே போனோம், எத்தனை பேர் போனோம், எவ்வளவு தூரம். எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் பள்ளிக்கூடம், கிளினிக்கு, சந்தை, கோயில், இவ்வளவுதான் இருக்கும். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் ஒரு நாளுக்காக ஏழு பேர் உட்காரும் காரை வாங்கி, மற்ற 364 நாளும் காலி நாற்காலிகளுக்குத் தவணை கட்டுவானேன்? அந்த ஒரு நாளுக்கு வேனை வாடகைக்கு எடுக்கலாம். வீட்டிலேயே ஏழு பேர் இருந்தால் அது வேறு விஷயம். சின்னக் காரில் ஏழு பேரை அடைக்கக் கூடாது. பின்னால் இருப்பவர்களும் பெல்ட்டு போட வேண்டும் என்பது 2009 முதலே சட்டம். 2020 முதல் சிறு குழந்தைக்குத் தனி இருக்கையும் வேண்டும். மடியில் பிள்ளையை வைத்துக்கொள்வது பாசம்தான். ஆனால் திடீரென்று பிரேக் பிடித்தால் எந்தத் தாயின் கையும் பிள்ளையைத் தாங்காது.

எஞ்சின் பெரிதானால் வரியும் ஏறும். தீபகற்பத்தில் தனியார் காருக்கு 1,000 சி.சி. வரையில் சாலை வரி ஆண்டுக்கு 20 வெள்ளி. 1,200 வரையில் 55. 1,400 வரையில் 70. 1,600 வரையில் 90. இது பெரிய வித்தியாசமல்ல. பெட்ரோலிலும் டயரிலும்தான் வித்தியாசம் தெரியும். வாங்குவதற்கு முன்பே டயர்க் கடைக்குப் போய் அந்த அளவு டயர் நான்கு என்ன விலை என்று கேளுங்கள். அகலமான பெரிய சக்கரத்தின் அழகு அந்த விலையைக் கேட்டவுடன் பாதி குறைந்துவிடும்.

இனிக் கடன். தோழர்களே, இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். விற்பனைக்காரர் “மாதம் எவ்வளவு கட்ட முடியும்?” என்று கேட்கிறார். நாம் ஒரு தொகை சொல்கிறோம். அந்தத் தொகைக்கு ஏற்றபடி அவர் வருடத்தை நீட்டிவிடுகிறார். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம், கிராணிமார்கள் சரிபாருங்கள். கார் 40,000 வெள்ளி. முன்பணம் 4,000. கடன் 36,000. வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு மூன்றரை. பல ஆண்டுகளாக இந்நாட்டில் வழங்கிவந்த முறைப்படி, கடைசி வரையில் முழுக் கடனுக்கும் வட்டி. ஒன்பது வருடம் என்றால் வட்டி மட்டும் 11,340 வெள்ளி. மாதம் 438 வெள்ளி சொச்சம். ஏழு வருடம் என்றால் வட்டி 8,820. மாதம் ஏறக்குறைய 534. ஐந்து வருடம் என்றால் வட்டி 6,300, மாதம் 705. மாதத் தவணையை மட்டும் பார்த்தால் ஒன்பது வருடம்தான் மலிவு. வட்டியைக் கூட்டிப் பார்த்தால் அதுதான் கிராக்கி. அதுமட்டுமா? நாம் மாதாமாதம் முதலைக் குறைத்து வருகிறோம், வட்டியோ குறையாத முதலுக்குப் போடப்படுகிறது. ஆகவே மூன்றரை என்று எழுதியிருந்தாலும் உண்மையில் ஆறுக்கு மேல் கட்டுகிறோம். ஒப்பந்தம் எந்த முறையில் எழுதப்பட்டாலும் சரி, “கடைசி வரையில் மொத்தம் எத்தனை வெள்ளி கட்டுவேன்? அதைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள்” என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கம் வேண்டாம்.

2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆயிற்று. அதில் 438 என்பது நாலில் ஒரு பங்கு. பெட்ரோல், இன்சூரன்ஸ், எண்ணெய் மாற்றும் செலவு எல்லாம் அதற்கு மேல். நம் வரும்படியோ கிராணியார் வரும்படியைப் போல ஒரே சீராக இருப்பதில்லை. காலையில் மழை பிடித்துக்கொண்டால் வெட்டு இல்லை. இலையுதிர் காலத்தில் பால் குறைகிறது. தவணைக்கு மழையும் தெரியாது, இலையுதிர்வதும் தெரியாது. ஆகையால் ஒரு யோசனை. காரை வாங்குவதற்கு முன்பே ஆறு மாதம் தவணை கட்டிப் பாருங்கள்! பேங்குக்கு அல்ல, உங்கள் சேமிப்புக் கணக்கிலேயே அந்த 438 வெள்ளியைப் போட்டு வாருங்கள். மழைக் காலமும் அந்த ஆறு மாதத்தில் வரட்டும். சமாளித்தால் வாங்குங்கள், கையில் 2,600 வெள்ளிக்கு மேல் இருக்கும், அது முன்பணத்துக்கு ஆகும். சமாளிக்க முடியாவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை, பணம் உங்களுடையதே.

இப்போது நோட்டீசுக் கதை. அந்தத் தோழருக்குக் கிடைத்த கடன் ஒன்பது வருடம். மழையிலே வெட்டு குறைந்த இரண்டு மாதம் தவணை தவறிப்போயிற்று. பதினெட்டாம் நாள் காலையில் நாமும் அவரும் அவருடைய மனைவியும் பேங்குக்குப் போனோம். அந்த அம்மாள் சீட்டுப் பணத்தைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்து வந்திருந்தார். அதிகாரி நல்ல மாதிரி. ஒரு தவணையை அப்போதே வாங்கிக்கொண்டு, மற்றதற்கு நாள் கொடுத்தார். கார் இன்றைக்கும் லயத்து வாசலில் நிற்கிறது. தோழரைக் கேட்டோம், ஏனப்பா ஒளித்து வைத்தாய் என்று. “கையில் விலங்கு போட வருவார்கள் என்று நினைத்தேன்” என்றார். தவணை பாக்கிக்கு யாரும் விலங்கு மாட்ட மாட்டார்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாததால் வந்த பயம் அது.

அந்தச் சட்டத்துக்கு 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் என்று பெயர். அடுத்தடுத்து இரண்டு தவணையோ கடைசித் தவணையோ தவறினால்தான் காரை எடுக்கும் உரிமை பிறக்கும். அப்போதும் எழுத்தில் நோட்டீசு கொடுத்து 21 நாள் பொறுக்க வேண்டும். காரின் ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டிவிட்டால் கோர்ட்டு உத்தரவு இல்லாமல் எடுக்கக் கூடாது. கடன் வாங்கியவர் இறந்துபோயிருந்தால் நான்கு தவணை தொடர்ந்து தவறும்வரை தொட முடியாது. விதவைத் தாய்மார்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். காரை இழுத்துப் போக யாராவது வந்தால் அனுமதி அட்டையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இன்னொன்று: இன்னொருவர் காருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடும்போது, அவர் கட்டாவிட்டால் நாமே கட்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டு போடுங்கள். மாமன் மச்சான் என்ற முகத்தாட்சணியத்தில் போட்டுவிட்டுப் பிறகு சங்கத்துக்கு ஓடி வந்தால் சங்கம் என்ன செய்யும்?

பழைய கார் வாங்குவது தவறல்ல. பகலில், மழை இல்லாத நேரத்தில், நமக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். 2021 டிசம்பரில் சிலாங்கூரில் வந்த வெள்ளத்தில் கணக்கற்ற கார்கள் முழுகின. முழுகிய காரும் கழுவித் துடைத்தால் புதுசு போல நிற்கும். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். இருக்கைப் பெல்ட்டைக் கடைசி வரையில் இழுத்துச் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருக்கும், ஆனால் பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து வழவழத்திருக்கும். அப்படியானால் ரப்பரை நம்புங்கள், மீட்டரை நம்பாதீர்கள்!

ரப்பர் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. காரைப் பராமரிப்பது பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து கத்தியைத் தீட்டிக்கொண்டு போகிறவர்கள் நாம். கத்தி மழுங்கினால் பட்டை காயப்படும், பட்டை காயப்பட்டால் மரம் கெடும் என்று தெரிந்தவர்கள். காரும் அப்படித்தான். அதில் பாதிச் சங்கதி நம் கையில் வளர்ந்த கித்தாதான். டயரில் கித்தா இருக்கிறது. ரேடியேட்டர்க் குழாய், பெல்ட்டு, கதவுப் பட்டி, எஞ்சினைத் தாங்கும் திண்டு என்று எங்கே பார்த்தாலும் ஏதோ ஒரு ரப்பர். ரப்பர் வெயிலிலும் சூட்டிலும் வருடத்தாலும் கெடும். ஓடாமல் நின்ற டயரும் கெடும். டயர்ப் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருப்பார்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. கடைக்காரர் புதிது என்று கொடுப்பது எத்தனை வருடம் தூங்கிய டயர் என்று அதில் தெரிந்துவிடும். பள்ளங்களுக்குள்ளே சிறு மேடுகள் இருக்கும். தேய்மானம் அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் மாற்ற வேண்டும். காற்றின் அளவு ஓட்டுநர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும். மாதம் இருமுறை, டயர் சூடேறுமுன் பாருங்கள். கூடவே உபரி டயரையும் பாருங்கள்.

நம் தோட்டத்துக்கென்றே சில தொல்லைகள் உண்டு. கித்தா மரத்தடியில் நிறுத்தினால் உதிர்ந்த இலை முன் கண்ணாடிக்கு அடியில் போய்ச் சேர்ந்து தண்ணீர் போகும் வழியை அடைத்துவிடும். பிறகு மழைநீர் காருக்குள்ளேயே இறங்கும். ஞாயிற்றுக்கிழமை கையை விட்டு அள்ளிப் போடுங்கள். செம்மண் சடக்குப் புழுதி காற்று வடிகட்டியை அடைக்கும். புத்தகத்தில் சொன்ன தூரத்துக்கு முன்பே அதைத் திறந்து பாருங்கள். எலி ஒயரைக் கடிக்கும். லயத்துப் பக்கம் நிறுத்துகிறவர்கள் காருக்குள் பிள்ளைகள் சிந்திய தின்பண்டத்தைக் கூட்டி எடுத்துவிடுவது நல்லது.

எஞ்சின் எண்ணெயை வாரம் ஒரு முறை, காலையில் எஞ்சினை முடுக்குமுன், சமதரையில் நிறுத்திக் கம்பியை உருவிப் பாருங்கள். மாற்ற வேண்டிய கிலோமீட்டர் வந்துவிட்டால் அடுத்த சம்பளத்துக்கென்று தள்ள வேண்டாம். சிவப்பு விளக்கு எரிந்தால் வீடுவரையில் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். இதை அனுபவத்தில் சொல்கிறோம். நாம் முதலில் வாங்கியது ஒரு பழைய கஞ்சில். ஒரு நாள் சூட்டு முள் மேலே ஏறுவதைப் பார்த்தோம். இன்னும் மூன்று கட்டைதானே என்று ஓட்டினோம். தண்ணீர்க் குழாய் வெடித்திருந்தது; பத்து வெள்ளிச் சாமான். எஞ்சினின் தலைப்பாகம் சூட்டில் வளைந்துபோய், அதைச் சரி செய்ய ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம் ஆயிற்று. வீட்டிலே அதற்கு வாங்கிய வசவை இங்கே சொல்ல வேண்டியதில்லை. அப்படி முள் ஏறினால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்து ஆற விடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. விபத்து நஷ்டஈடு கேட்காமல் ஓட்டினால் முதல் ஆண்டு கழித்து 25 விழுக்காடு தள்ளுபடி, ஏறி ஏறி 55 விழுக்காடு வரையில் போகும். சின்னக் கீறலுக்கெல்லாம் கோரி இந்தத் தள்ளுபடியை இழக்காதீர்கள். வெள்ளத்துக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்காவிட்டால் சாதாரண இன்சூரன்சு வெள்ளச் சேதத்தைக் கொடுக்காது. ஆற்றோரத் தோட்டத்துக்காரர்கள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கார் ஒப்பந்தம் வைத்திருக்கும் தோழர்கள் சனிக்கிழமை பிற்பகல் கிளை ஆபீசுக்கு அதை எடுத்து வரலாம். ஆங்கிலமும் மலாயும் படிக்கத் தெரிந்த இரண்டு கிராணிமார்கள் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்ல இசைந்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் மட்டுமல்ல, இன்னும் போடாதவர்களும் வாருங்கள். யாருக்காவது சாமி படத்துக்குப் பின்னால் காகிதம் ஏதாவது இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். இப்போது கேள்விகள் இருந்தால் கேட்கலாம். பின்வரிசையில் கை தூக்கிய அம்மாள் முதலில் கேட்கட்டும்.