உள்ளே பார்த்தான், ஊர் தெரிந்தது

(தொழிலாளர் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று ஒரு பாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கூலிப் பிரச்னை தலைக்கு மேல் இருக்கும்போது பாட்டு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் தொழிலாளியின் நெஞ்சுக்குள் என்ன ஓடுகிறது? வாடகை, கடன், பிள்ளையின் படிப்பு, நாளை வேலை இருக்குமா என்ற பயம். இதையெல்லாம் அவன் யாரிடமும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் மானம் போகும் என்று நினைக்கிறான். அப்படி ஊமையாய்க் கிடந்த கவலையை அமெரிக்காவில் இரண்டு பேர் பாட்டாக்கினார்கள். 1982-ல் இசைத்தட்டாக வந்த அந்தப் பாட்டின் பெயர் ‘தி மெசேஜ்’, அதாவது ‘செய்தி’.

இது ஹிப் ஹாப் வகைப் பாட்டு. அது பிறந்த இடம் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதி. கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த ஏழைப் பேட்டைகள் அங்கே உண்டு. 1948 முதல் 1972 வரை அந்தப் பகுதியைக் குறுக்கே பிளந்து ஒரு பெருஞ்சாலை போட்டார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. வாடகையைவிட இன்ஷூரன்ஸ் பணம் லாபம் என்று கண்ட சில வீட்டுச் சொந்தக்காரர்கள், தங்கள் கட்டடத்துக்கே ஆள் வைத்துத் தீ மூட்டினார்கள். 1975-ல் நகரத்தின் கஜானா வறண்டது. வெட்டு யார் தலையில் விழுந்தது? ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். தீயணைப்புப் படைகள் குறைக்கப்பட்டன. எரிகிற ஊரில் தீயணைக்க ஆளில்லை!

அந்தச் சாம்பலில்தான் இந்தக் கலை முளைத்தது. 1973 ஆகஸ்டு 11 அன்று, ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்ற வாலிபர், தம் சகோதரி நடத்திய விருந்தில் இசைத்தட்டு போட்டார். குரல் நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தில்தான் கூட்டம் துள்ளி ஆடுகிறது என்பதைக் கவனித்திருந்தார். இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு, அந்த இடத்தையே நீட்டினார். பழைய இசைத்தட்டே புது வாத்தியம் ஆயிற்று! அந்தத் தாளத்தின் மேல் சந்தம் பிடித்துப் பேசுவதுதான் ராப்.

ஆரம்பத்தில் ராப் பெரும்பாலும் கொண்டாட்டப் பேச்சு. “ஆடுங்கள், கை தட்டுங்கள், என்னைப்போல் கெட்டிக்காரன் உண்டா?” என்ற தோரணை. சுகர்ஹில் என்ற கம்பெனி 1979-ல் வெளியிட்ட ‘ராப்பர்ஸ் டிலைட்’ நாடெங்கும் புகழ்பெற்றது. அதுவும் இந்த ரகம்தான்.

அதே கம்பெனியில் தாள வாத்தியக்காரராக இருந்தவர் எட் ஃபிளெச்சர். ‘டியூக் பூட்டி’ என்பது அவருடைய மேடைப் பெயர். நியூஜெர்ஸியில் தாயார் வீட்டில் இருந்தபடி அவர் இந்தப் பாட்டுக்கு அடி போட்டார். தெருவில் சிதறிக் கிடக்கும் கண்ணாடிச் சில்லு, வீட்டில் எலி, கரப்பான், டெலிபோனில் கடன்காரன், வேறிடம் போகலாமென்றால் கையில் காசில்லை. இத்தனையும் ஒருவன் மூளையை அழுத்துகின்றன. புத்தி பேதலித்துவிடுமோ என்று அவனுக்கே அச்சம். தாளமும் நிதானமானது, சுமை தூக்குகிறவன் நடையைப்போல.

கம்பெனியை நடத்திய சில்வியா ராபின்சன், கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவினரிடம் இதைக் கொடுத்தார். அவர்களுக்கோ விருப்பமில்லை. “கஷ்டத்தை மறக்கத்தானே ஜனங்கள் ஆட வருகிறார்கள், அங்கேயும் கஷ்டத்தைப் பாடினால் யார் கேட்பார்கள்?” என்பது அவர்கள் வாதம். இதை நாம் அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. நாளெல்லாம் உடம்பை முறித்தவனுக்குச் சிரிப்பும் ஆட்டமும் வேண்டும்தான். ஆனாலும் குழுவில் மெல்லி மெல் ஒருவர் மட்டும் முன்வந்தார். அவருக்கு அப்போது வயது 21. ஏழைக் குழந்தையாய்ப் பிறந்தவன் தெருவில் வளர்ந்து, சிறைக்குப் போய், அங்கேயே மாண்டுபோகும் கதை ஒன்றை முன்பே பாடியிருந்தார். அதைக் கடைசிப் பகுதியாகச் சேர்த்தார். தட்டில் ராப் பாடிய குரல்கள் ஃபிளெச்சருடையதும் மெல்லுடையதும்தான். பெயரோ குழுவின் பெயர்! அடுத்த ஆண்டே பணத்துக்கும் பெயருக்கும் குழுவுக்குள் பிளவு, கம்பெனிமேல் வழக்கு. உழைத்தவன் யார், உரிமை யாருக்கு என்ற கேள்வி பாட்டு உலகத்தையும் விடவில்லை.

ஜனங்கள் கேட்டார்களா? கேட்டார்கள்! கடல் கடந்து பிரிட்டனிலும் முதல் பத்துப் பாட்டுகளில் ஒன்றானது. 2002-ஆம் ஆண்டுக்கென அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் காலமெல்லாம் காக்கவேண்டிய ஒலிப்பதிவுகளின் முதல் பட்டியலை வெளியிட்டபோது, அதில் இடம்பெற்ற ஹிப் ஹாப் பாட்டு இதுதான்.

தன் துயரத்தைப் பாடுவது தனிமனிதப் புலம்பல், அதனால் இயக்கத்துக்கு என்ன லாபம் என்று சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. இந்தப் பாட்டையே பாருங்கள். அவன் தன் உள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தான். அங்கே என்ன கண்டான்? வாடகை, கடன், பள்ளிக்கூடம், போலீஸ், சிறை. ஊர் முழுவதும் அவனுக்குள் குடியிருந்தது! அதனால்தான் கேட்டவன் ஒவ்வொருவனும் “இது என் கதை” என்றான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1980 ஏப்ரலில் நியூயார்க் ரயில், பஸ் தொழிலாளர் சுமார் 34,000 பேர் 11 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பாட்டிலும் ஒரு ஸ்டேஷன் வேலைநிறுத்தம் வருகிறது. எப்படி வருகிறது? வேலைக்குப் போகமுடியாத ஏழையின் தொல்லைகளில் ஒன்றாக! நம் காதுக்கு இது கசக்கும். கசந்தாலும் கேட்கவேண்டும். போராடும் தொழிலாளியின் நியாயம், பிளாட்பாரத்தில் தவித்து நிற்கும் தொழிலாளிக்குப் போய்ச் சேரவில்லை என்றால், அதைச் சேர்ப்பிப்பது யார் வேலை? அந்த ஏழை உண்மையை மறைக்காமல் பாடியதால்தான் இந்தக் கேள்வி நமக்குக் கிடைத்தது.

இந்தப் பாட்டு வழி காட்டவில்லை, உண்மைதான். வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுகிறது. வலிக்கும் இடம் தெரியாமல் எந்த வைத்தியன் மருந்து கொடுப்பான்?

ஆகவே தோழர்களே, கோஷம் எழுதுங்கள், அது வேண்டும். கூடவே, தூக்கம் வராத இரவில் உங்கள் மனம் என்ன சொல்கிறதோ அதையும் எழுதுங்கள். தறியடியில் நிற்பவர் எழுதட்டும். நாற்று நடுபவர் பாடட்டும். “இதை யார் கேட்பார்கள்?” என்று தயங்காதீர்கள். பக்கத்தில் நிற்பவர் அதே கவலையோடு, வாய் திறவாமல் காத்துக்கொண்டிருக்கிறார்.