ஹாலில் ஒரு படம் பார்ப்போம்
(குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசியது)

ஐந்து நிமிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். ஒரே ஒரு படத்தைப் பற்றிச் சொல்கிறேன்: பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கிய 'கூழாங்கல்'. 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது.

கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போன மனைவியைத் திருப்பி அழைக்க, பள்ளியில் இருந்த மகனையும் இழுத்துக்கொண்டு கிளம்புகிறார் குடிகார அப்பா. திரும்பும்போது பையன் பஸ் காசைக் கிழித்துப் போட்டுவிடுகிறான். அப்புறம் வெயிலில் நடைதான். பாட்டு கிடையாது, ஹீரோ கிடையாது. போர் அடிக்குமே என்பீர்கள். முதல் இருபது நிமிடம் எனக்கும் அப்படித்தான் இருந்தது. கடைசியில் பெண்கள் குழியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மொள்ளும்போது, மே மாதம் நாம் லாரிக்குக் காத்திருந்தது ஞாபகம் வந்தது.

இதை நம் கம்யூனிட்டி ஹாலில் போடலாம் என்று கேட்டிருக்கிறேன். செக்யூரிட்டி அண்ணன்களும் வீட்டு வேலைக்கு வரும் அக்காக்களும் நம்மோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றதில்தான் இழுபறி. "பின்னால் நின்று பார்க்கட்டுமே" என்றார் ஒருவர். ஒன்றேகால் மணி நேரம் நின்றுகொண்டா? ஹாலில் நாற்காலி நிறையவே கிடக்கிறது.

கமிட்டி இன்னும் பதில் சொல்லவில்லை. சம்மதம் என்பவர்கள் இப்போதே கை தூக்குங்கள், செயலாளர் சார் எண்ணிக்கொள்ளட்டும்.