பார்வையின் இரு திறன்கள்

கல்முனைக்கு வடக்கேயுள்ள மருதமுனையில் கைத்தறிச் சாரம் நெய்யும் முதியவரொருவர், பாவில் இழை அறுந்த இடத்தைக் கண்ட மாத்திரத்தே சுட்டிவிடுவார். "என் கண்ணுக்கு என்ன குறை?" என்று அவர் வினவுவதும் இயல்பே.

ஆயினும் நுண்ணிழையைக் காண்பது பார்வையின் ஒரு திறன் மாத்திரமே. 1966ஆம் ஆண்டில் ரொப்சன் என்னும் ஆங்கில அறிஞர், வெவ்வேறு அகலமுள்ள கோடுகளை வெவ்வேறு வேகத்தில் மினுங்கச் செய்து, அவை எத்துணை மங்கலாயிருப்பினும் கண் உணரும் என அளந்தார். மினுக்கம் மெதுவாயிருக்கையில் நுண்கோடுகள் நன்கு தெரிந்தன; விரைவானபோது மறைந்தன. அகன்ற கோடுகளோ, சற்று விரைந்த மினுக்கத்திலேயே தெளிவாகப் புலப்பட்டன.

இவ்வகை அறிவு இன்று நோயறியவும் உதவுகின்றது. குளுக்கோமா என்னும் கண்ணழுத்த நோய் பெரும்பாலும் வலியின்றியே வந்து, ஓரப் பார்வையை முதலிற் கவர்ந்துகொள்ளும். நடுப் பார்வை நெடுங்காலம் நிலைத்திருக்கும். ஆதலால், எழுத்துப் பலகையின் ஈற்று வரியையும் வாசிப்பவரிடத்து அந்நோய் மறைந்திருத்தல் கூடும். விநாடிக்கு 25 முறை மினுங்கும் அகன்ற கோடுகளைப் பார்வைப் புலத்தின் பல இடங்களிலும் காட்டிச் சோதிக்கும் கருவி உண்டு. கோடுகள் புலப்படாத இடம் பழுதைக் குறிப்பதாகலாம்.

துணியில் அறுந்த இழையை நெசவாளர் காண்பார். தம் பார்வையில் அறுந்த இழையை அவர் தாமே காணார். இந்நோயால் இழந்த பார்வை மீள்வதில்லை. எஞ்சியதைச் சிகிச்சையாற் காக்கலாம். ஆகவே நாற்பது வயதைக் கடந்தோரும், குடும்பத்தில் இந்நோய் உள்ளோரும், குறை தோன்றுமுன்னரே கண் வைத்தியரை நாடுதல் நன்று.